பேசும் நூலகத்துக்கு இடம் கிடைத்த நாள்

எந்தப் புத்தகங்களை அழிப்பது என்று அக்கா மூன்று தடவை பட்டியல் எழுதினாள். மூன்று தடவையும் கிழித்துப் போட்டாள்.

பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் நூலகம் அவளுடையது. சைக்கிள் கடைக்கு மேலே இரண்டே அறைகள். உள் அறையில் ஒரு மைக், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பழைய மெத்தைத் துண்டுகள். வெளி அறையில் அக்காவின் மேசை, மேசைக்கடியில் சர்வர். போன் செய்து எண்ணை அழுத்தினால், விட்ட இடத்திலிருந்து சர்வர் புத்தகத்தைப் பேச ஆரம்பிக்கும். பதினோரு வருடங்களில் இரண்டாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள் சேர்ந்து அதன் வயிறு முட்டிவிட்டது. அத்தான் வாசித்துக்கொண்டிருந்த பெரிய நாவலின் கடைசி மூன்று அத்தியாயங்களுக்குக்கூட இடமில்லை.

அத்தான் பஸ் டிரைவர். வண்டியில் ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். மைக் முன்னால் உட்கார்ந்தால் கொலைகாரன், கிழவி, கைக்குழந்தை எல்லாரும் அவர் தொண்டையிலிருந்து இறங்கி வருவார்கள்.

விடுமுறை நாள் காலையில், ஆஸ்பத்திரி ஒன்றில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தங்கை இரண்டு புது டிஸ்க்குகளோடு படியேறி வந்தாள்.

"இந்த புரோகிராமை எழுதின ஆளு எந்த ஊர்ல இருக்கார்னே தெரியலடி. எல்லாத்தையும் முதல்லேருந்து போடணும்னா நம்மகிட்ட அதோட காப்பி ஒண்ணுகூடக் கிடையாது" என்றாள் அக்கா.

"எதையும் முதல்லேருந்து போட வேணாம்க்கா. உள்ள ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் இருக்கும். அதுல ஒண்ணைக் கழட்டிட்டுப் பெருசைப் போடுவோம். மிச்சமிருக்கற பழசு, புதுசுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துடும். அப்புறம் அந்தப் பழசையும் கழட்டிட்டு இன்னொரு பெருசு. அவ்வளவுதான்."

"நடுவுல யாராவது போன் பண்ணினா?"

"டிஸ்க் மாத்தற அஞ்சு நிமிஷம் மட்டும்தான் நிறுத்தணும். மத்த நேரமெல்லாம் பேசிட்டேதான் இருக்கும். ஆனா ஒண்ணு, வேலை முடியற வரைக்கும் யாரும் புதுசா எதையும் பதிவு பண்ணக் கூடாது."

அக்கா தலையாட்டினாள். அத்தான் அப்போது கீழே டீ வாங்கப் போயிருந்தார்.

தங்கை பழைய டிஸ்க்குகளில் 'ஒன்று', 'இரண்டு' என்று சீட்டு ஒட்டினாள். 'ஒன்றை'க் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அந்த இடத்தில் புதியதைப் பொருத்தினாள். திரையில் எண் ஊர்ந்தது: இரண்டு சதவீதம், மூன்று சதவீதம். அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி அக்கா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் டீயை மேசையில் வைத்துவிட்டு உள் அறைக்குள் போனதை இருவருமே கவனிக்கவில்லை. பக்கத்திலிருந்த போன் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு விடாமல் எரிந்தது. யாரோ எங்கேயோ கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்து மூன்றில் எண் நின்றுவிட்டது. அதன் கீழே சிவப்பில் ஒரு வரி.

"என்னடி அது?"

"பழசு 'ரெண்டு'ல ஒரு இடத்தைப் படிக்க முடியலையாம்."

அக்காவுக்கு முகம் வெளுத்தது. "எல்லாம் போச்சா?"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க போகும்? மேசைமேல உக்காந்திருக்காரே இன்னொருத்தர், அவர்கிட்ட முழுசா இருக்கு. இந்த டிஸ்க் எத்தனை மாசமா இப்படிக் கிடக்குதோ! இன்னைக்குக் கை வைக்கலைன்னா நமக்குத் தெரிஞ்சே இருக்காது. 'ரெண்டை' எடுத்துட்டு 'ஒண்ணை'த் திரும்ப மாட்டறேன். காலையில இருந்த மாதிரியே எல்லாம் இருக்கும்."

அந்த நேரம் பார்த்து உள் அறைக் கதவு திறந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கண் சிவக்க, முகமெல்லாம் பல்லாக அத்தான் வெளியே வந்தார்.

"ஒரு அத்தியாயம் முடிச்சுட்டேன்!"

"இடமே இல்லையே, எப்படி முடிச்சீங்க?" என்றாள் அக்கா.

"நான் இருமினது, உளறினது எல்லாம் தனியா கிடந்துச்சுல்ல? அதை அழிச்சுட்டு அந்த இடத்துல ஏத்திட்டேன்."

அக்கா பார்த்த பார்வையில் அவர் இரண்டடி பின்னால் போனார். தங்கை நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். அந்த அத்தியாயம் இருப்பது 'இரண்டில்' மட்டும். மேசைமேல் இருக்கும் 'ஒன்று'க்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"திரும்ப வாசிச்சுக் குடுத்துடறேன்" என்று இழுத்தார் அத்தான். "ஆனா அம்மாவும் மகளும் பிரியற இடத்துல நிஜமாவே அழுதுட்டேன். அந்த அழுகை மறுபடி வருமான்னுதான் தெரியல."

"கொஞ்சம் பேசாம இருங்கத்தான்" என்று சொல்லிவிட்டுத் தங்கை ஒரு பென் டிரைவைச் செருகினாள். அந்த அத்தியாயத்தை 'இரண்டி'லிருந்து அதற்கு நகலெடுத்தாள். கோப்பு முழுசாக வந்து சேர்ந்தது. கடைசிப் பகுதியை ஓடவிட்டுப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் உட்பட எல்லாம் பத்திரமாக இருந்தது. அக்கா முந்திக்கொண்டு சிரித்தாள். பிறகு மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு வேலை சொன்னபடி கேட்டது. 'இரண்டின்' இடத்துக்குப் போன 'ஒன்று' தன்னிடமிருந்ததை எல்லாம் முதல் புது டிஸ்க்குக்கு மதியத்துக்குள் சொல்லி முடித்தது. பிறகு 'ஒன்றை'யும் கழற்றிவிட்டு இரண்டாவது புதியதைப் போட்டார்கள். சாயங்கால வெயில் ஜன்னலில் இறங்கும்போது இரண்டு புதியவையும் ஒன்றுபோல ஆகியிருந்தன. எதிலிருந்து வேண்டுமானாலும் சர்வர் எழுந்திருக்கும்படி இரண்டிலுமே தொடக்கப் பகுதியை எழுதி, ஒரு தடவை அணைத்து மறுபடி இயக்கினாள் தங்கை. முனகிக்கொண்டே எழுந்தது.

"இப்பவும் நிறைஞ்சுட்டதுன்னுதானே காட்டுது?" என்றாள் அக்கா.

"வீடு பெருசாயிடுச்சு. நடுச்சுவரை இன்னும் தள்ளலையே."

தங்கை இரண்டு வரிகள் தட்டினாள். காலி இடம் என்ற எண் பூஜ்யத்திலிருந்து தாவி ஏறியது. இதுவரை சேர்த்ததைப்போல ஐந்து மடங்கு இனிமேல் சேர்க்கலாம். அக்கா தங்கையைக் கட்டிப்பிடித்து, நாற்காலியோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பென் டிரைவில் இருந்த அத்தியாயம் தன் இடத்துக்குப் போனது.

அன்று மாலையே அக்கா போனை எடுத்தாள். புத்தகம் வாசித்துத் தர வந்து, இடமில்லாமல் இவ்வளவு நாளும் திரும்பிப் போனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பக்கத்துத் தெரு ரொட்டிக் கடைக்காரர் கால் மணி நேரத்தில் ஓடி வந்தார். கையில் மாவு காயவில்லை. அக்குளில் எரிமலைகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம். அத்தான் அவரை மைக் முன்னால் உட்காரவைத்து, உயரத்தைச் சரிசெய்து, ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

ரொட்டிக் கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல் அத்தியாயம்" என்று ஆரம்பித்தார்.