மீதி மூன்று

பிணவறையில் ஒவ்வொரு உடலுக்கும் ஒன்பது இலக்க எண் உண்டு. காலில் கட்டிய அட்டையிலும் அனுப்பும் தாளிலும் அது இருக்கும். இரண்டையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும் என்பது விதி. விதியாவது வெங்காயமாவது! பதிவு கிளார்க்காகப் பதினாறு வருடம் நான் இலக்கங்களைக் கூட்டித்தான் பார்த்தேன். ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டினால், ஒன்பதால் வகுத்த மீதி கிடைத்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே மீதி என்றால் கையெழுத்து. உதவியாளர்கள் "கணக்குப்புலி" என்பார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

செவ்வாய்க்கிழமை அத்தான், அக்காவின் கணவர், மாரடைப்பில் போய்விட்டார். உடலை எங்கள் பிணவறையில்தான் வைத்திருந்தோம். மகளின் பிரசவத்துக்காக அக்கா வெளியூரில் இருந்தாள்.

"நான் வர்ற வரைக்கும் அவரை வச்சிருடா," என்றாள் போனில். "சண்டை போட்டுட்டு வந்தேன். முகத்த ஒரு தடவை பாத்துக்கறேன்."

"அவரு என் பொறுப்பு. நீ பதறாம வாக்கா."

வியாழன் காலை, யாரும் கேட்டு வராத உடல்களை மின்மயானத்துக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. நான்கு பைகள். மூன்றாவது தாளில் 73,04,56,518. காலில் கட்டி, பைக்கு வெளியே தொங்கவிட்ட அட்டையில் 73,04,56,581. கூட்டினேன். முப்பத்தொன்பது, பன்னிரண்டு, மூன்று. இதுவும் மூன்று, அதுவும் மூன்று. கையெழுத்துப் போட்டேன். அத்தானின் எண்ணை நான் மனப்பாடம் செய்யவில்லை.

பதினோரு மணிக்கு அக்கா வந்தாள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே மிச்சமிருந்த பையின் ஜிப்பைத் திறந்தேன். யாரோ ஒரு வெள்ளைத் தாடிக் கிழவர்.

அவர் அட்டையில் கடைசி மூன்று இலக்கம் 518; பதிவேட்டில் அத்தானுடையது 581. காலையில் கையெழுத்திட்ட தாளின் பின்பக்கத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தேன். அறுபத்து மூன்று. ஏழு தடவை ஒன்பது. எந்த இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டாலும் வித்தியாசம் ஒன்பதால் வகுபடும், மீதி இம்மி அசையாது. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். என் திமிர்தான் அத்தானை அனுப்பியது. பாவி நான்.

மயானத்துக்குப் போன் போட்டேன்.

"நாலும் முடிஞ்சுது சார். சாம்பல ஒண்ணா வாரியாச்சு."

வெளியே போய் அக்காவின் காலடியில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"நீதான் கையெழுத்துப் போட்டியா?"

"ஆமாக்கா."

"அவரு கூட யாரு போனா?"

"யாருமில்ல. டிரைவர் மட்டும்."

அவள் என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அப்ப என்னை அவருக்கு யாருன்னு எழுதியிருக்கு?" என்றாள்.

அத்தானை அனுப்பிய அந்தத் தாளை நீட்டினேன். உறவினர் என்ற கட்டத்தில் 'எவருமில்லை' என்று இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து.