கோடு போடாத கட்டில்

...மற்றதைத் தொடாதே என்று ஏன் சொல்ல வேண்டும், பீரோவை நகர்த்து என்றால் பீரோவை நகர்த்தப்போகிறேன், பச்சைக் குழந்தையா நான், தொடாதே என்றாலே அதில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்... "பீரோ எங்க பொருந்துதுன்னு மட்டும் நகர்த்திப் பாரு, மத்ததத் தொடாத" என்று சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார் என் வீட்டுக்காரர். அடுத்த வாரம் குடிபோகிற வீட்டை எக்செல்லில் வரைந்து வைத்திருக்கிறார், ஒரு கட்டம் அரை அடி. கிடங்கில் எந்த ரேக் எங்கே என்று பதினோரு வருஷமாக இதிலேயே வரைந்து பழகிய மனுஷன், மளிகைக் கடைக்கு வழி கேட்டாலும் இதில்தான் வரைந்து காட்டுவார். சாப்பாட்டு மேஜையைப் பிடித்து இழுத்தால் நாலு நாற்காலியும் கூடவே வருகிறது, ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறார், அவ்வளவு கச்சிதம். பீரோவைப் பிடிக்கப் போனேன், மவுஸ் வழுக்கியது, கட்டில் நகர்ந்தது. முழுக் கட்டில் இல்லை, பாதி.

பாதிக் கட்டில் எப்படி நகரும்? எங்கள் கட்டில் ஒரே கட்டில், நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கி மாடியேற்றியது, அதை எதற்கு இரண்டு செவ்வகமாக வரைய வேண்டும்... கன்ட்ரோல் இசட் அழுத்தினேன், பாதி ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது, ஒட்டு தெரியவே இல்லை. ஏன் தெரியவில்லை? குப்பைத்தொட்டிக்குக்கூடக் கறுப்புக் கோடு போட்டிருக்கிறார், கட்டிலுக்கு மட்டும் கோடே இல்லை, வெறும் பழுப்பு, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மாதிரி. கேட்டால் மறந்துவிட்டேன் என்பார், யாரிடம்? வரைந்தவற்றின் பட்டியலை ஓரத்தில் திறந்தேன், திறக்கச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். மேஜை, பீரோ, ஃபிரிட்ஜ், கட்டில் நான், கட்டில் அவள். அவளாமே. எனக்குப் பெயர் இல்லையா?

எப்போதிலிருந்து இந்த யோசனை? சளி பிடித்திருக்கிறது, உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று கூடத்து சோபாவுக்குப் போனாரே, அப்போதேவா? சளி மூன்று நாளில் போயிற்று, இவர் ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தார். தங்கையிடம் போனில் சொன்னேன், "கேட்டுடுக்கா, மனசுலயே வெச்சுக்காத" என்றாள், கேட்கலாம் கேட்கலாம் என்றே இரண்டு மாதம் ஓடிவிட்டது. நான் ஏன் கேட்கவில்லை... அந்த ஒன்பது நாளும் நான் எப்படித் தூங்கினேன்? நன்றாகத்தான் தூங்கினேன், குறுக்காக, கையைக் காலை நீட்டி. அது வேறு விஷயம். இப்போது பிரச்சினை இவர், இத்தனை வருஷத்துக்குப் பிறகு கட்டிலைப் பிரிக்க நினைக்கிற மனசு. அப்படி எவ்வளவு தூரம் தள்ளிப் போடப் பார்க்கிறார், அதையும்தான் பார்ப்போமே என்று ஒரு பாதியை இழுத்து ஜன்னலடியில் வைத்தேன், சும்மா, பார்ப்பதற்காக. நடுவில் ஆறு கட்டம் காலி. பீரோ அங்கே கச்சிதமாக உட்கார்ந்தது, கதவு திறக்கக்கூட இடம் இருந்தது.

தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. பின்னால் சோப்பு வாசனை, துண்டால் காதைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். "பொருந்திச்சா?" என்றார். "ம்" என்றேன். திரையைப் பார்த்தார், மாட்டிக்கொண்டோம் என்று முகம் மாறும், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். மாறவில்லை, கொஞ்சம் நிம்மதி மாதிரிகூட இருந்தது. "ஜன்னல் பக்கம் உனக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். விரல் கன்ட்ரோல் இசட் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. ஓரத்துப் பட்டியலில் நான் இழுத்த பாதியின் பெயர் நீலமாக நின்றது, கட்டில் அவள். எது யாருடையது என்று பார்க்காமல்தான் இழுத்தேன்... பார்க்காமலா?