உதடு அசையாமல்

பெட்டியை வெட்டித் திறந்ததும் அந்தச் சின்னப் புத்தகந்தான் முதலில் கீழே விழுந்தது. எமில் குனிந்து எடுத்து, மணலைத் தட்டி, இரண்டு கையாலும் பஸ்தியாம்பிள்ளையிடம் நீட்டினான்.

"இந்தாங்கோ பஸ்தியண்ணை. இது உங்கட வேலை. மிச்சத்தை நான் பாக்கிறன்."

பள்ளிமுனைக் கரையில் அன்று ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். முந்தின கிழமை அடித்த காற்றில் பெரிய வேம்பொன்று வேரோடு சாய்ந்து, வள்ளம் ஏற்றும் பாதையை மறித்துக் கிடந்தது. தீவுக்குள் இப்படி விழுந்ததும் விழப்போவதுமாக இன்னும் முப்பது மரம் இருக்கும். கோடரியால் கொத்தி முடிகிற காரியமா? கடற்றொழில் சங்கம் இத்தாலியில் இருக்கும் ஊர்ப் பெடியன்களிடம் காசு சேர்த்து, கரண்டில் ஓடும் புதுச் சங்கிலி வாள் ஒன்றை நகரத்துக் கடையிலிருந்து எடுப்பித்திருந்தது. கூலிக்கு மரம் தறிக்க ஊரில் இருந்தது இரண்டே பேர்தான். பஸ்தியாம்பிள்ளை ஒருவர், எமில் மற்றவன். எமிலுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

பஸ்தியாம்பிள்ளை புத்தகத்தை விரித்தார். முன்பக்கமெல்லாம் சிங்களம். நடுவில் ஒன்பது பக்கம் தமிழ். எள்ளைக் கொட்டிவிட்ட மாதிரிப் பொடி எழுத்து. முகத்தைப் புத்தகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அதில் பொய் இல்லை. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு, நாற்பத்தாறு வயதில், கன்னியர் மடத்தில் பெரியவர்களுக்கு நடந்த வகுப்பில் கதிரைக்குள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு இருந்து படித்தவர். ஆனால் அவர் வாசிக்கிற விதம் வேறு. விரலை எழுத்துக்குக் கீழே வைக்க வேண்டும். உதடு அசைய வேண்டும். ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லின் வாலைப் பிடிக்கும்போது தலை மறந்துவிடும். திரும்பவும் தொடக்கத்துக்குப் போக வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம். அந்தக் கோலத்தை மகள் டிலோஜினியைத் தவிர ஒருவரும் கண்டதில்லை.

ஊர் கண்டது இன்னொன்று. மூன்று வருசத்துக்கு முன் ஒரு ஞாயிறு பூசையில் விசுவாசிகள் மன்றாட்டு வாசிக்கும் முறை அவருக்கு வந்தது. டிலோஜினி பத்துத்தரம் வாசித்துக் காட்ட, அவர் அப்படியே பாடமாக்கிக்கொண்டு போனார். தாளைப் பிடித்தபடி, கண்ணைத் தாளில் ஓட்டி, தடக்குப்படாமல் ஒப்புவித்தார். "பஸ்தியாம்பிள்ளை பாதர் மாதிரியெல்லோ வாசிக்கிறார்" என்று ஊர் சொன்னது. இல்லை என்று சொல்ல வேண்டும் என்று அந்தக் கிழமை நினைத்தார். அடுத்த கிழமையும் நினைத்தார். பிறகு அந்தப் பேச்சு காதுக்கு இனிக்கத் தொடங்கிவிட்டது.

"என்ன பஸ்தியான், புத்தகத்துக்கு முத்தம் குடுக்கப் போறீரோ?" என்றார் சங்கத் தலைவர் எட்வேட் சம்மாட்டி. "கெதியா வாசியும், வெயில் ஏறுது."

எல்லோரும் சிரித்தார்கள். பஸ்தியாம்பிள்ளையும் சிரித்தார். சிரித்துவிட்டு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, படித்த மனிசர் எப்படிக் கண்ணை ஓட்டுவார்களோ அப்படி ஓட்டினார். பக்கத்துக்கு இரண்டு மூச்சு. இடையிடையே "ம்... ம்..." என்று தலையாட்டினார். கண் பிடித்ததெல்லாம் படங்களைத்தான்.

படங்களும் குறைவாகச் சொல்லவில்லை. பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பாகங்களைப் பூட்ட வேண்டும். கையுறை போட வேண்டும். நீட்டுத் தகட்டின் மேல்விளிம்பில் சங்கிலியின் பல் முன்நுனியைப் பார்த்து நிற்க வேண்டும். எண்ணெய்க்குத் தனி வாய் இருக்கிறது. ஒவ்வொன்றாக அவர் சொல்ல, எமில் செய்தான். தகட்டை வைத்தான், சங்கிலியைப் பல்சக்கரத்தில் மாட்டினான், மூடியைப் போட்டு நட்டைப் பிடித்தான்.

அடுத்த படத்தில் ஒரு விரல் சங்கிலியைத் தகட்டிலிருந்து மேலே தூக்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஐந்தாறு வரி எழுத்து. பஸ்தியாம்பிள்ளை படத்தைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார், எட்வேட் சம்மாட்டி கையைக் கட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்தார்.

"விரல் போற அளவுக்குத் தளர்வு விடோணும்" என்றார். "வள்ளம் கட்டுற கயிறு மாதிரித்தான். விறைப்பாக் கட்டினா அலைக்கு அறுந்து போகுமெல்லோ."

கரையில் பிறந்த ஒருவனுக்கு அதைவிடப் பொருத்தமான நியாயம் வேண்டுமா? நின்றவர்கள் எல்லோரும் ஓம் என்றார்கள். எமில் மட்டும் தகட்டின் அடியில் தொங்கிய சங்கிலியைப் பார்த்தபடி கேட்டான்:

"இவ்வளவு தொங்கலாமோ அண்ணை?"

"புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு."

ஐஸ் அறையிலிருந்து வயர் இழுத்தார்கள். எமில் வாளைப் பிடித்தான், பஸ்தியாம்பிள்ளை கொப்புகளை இழுத்துப் போட்டார். வேம்பு வெண்ணெய் மாதிரி அறுபட்டது. கொஞ்ச நேரத்தில் எமில் வாளை நிறுத்தினான்.

"அண்ணை, இது இன்னும் இளகிப் போச்சு. ஒருக்காப் புத்தகத்தைப் பாருங்கோவன்."

புத்தகம் அவருடைய சேட்டுப் பையில்தான் இருந்தது. கரையில் அப்போதும் ஆட்கள் நின்றார்கள்.

"புதுச் சங்கிலி அப்பிடித்தான் இருக்கும். நீ வெட்டு."

எமில் வெட்டினான். நாலாவது கொப்பில் சங்கிலி தகட்டைவிட்டுக் கழன்று, சாட்டை மாதிரிச் சுழன்று வந்து அவன் வலக்கையில் விழுந்தது. துணிக் கையுறை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எமில் கத்தவில்லை. வாளை மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டு, பிளக்கைக் கழற்றச் சொன்னான். அதன் பிறகுதான் கையைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். அறுந்த நரம்பைத் தைத்தார்கள். சின்னவிரலும் மோதிரவிரலும் இனி மடங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

பஸ்தியாம்பிள்ளை பார்க்கப் போனபோது எமில் கட்டிலில் எழும்பி இருந்தான்.

"நீங்கள் ஏன் அண்ணை முகத்தைத் தொங்கப் போட்டிருக்கிறீங்கள்? நீங்கள் வாசிச்சுத்தானே சொன்னீங்கள். நான்தான் வாளைச் சரிச்சுப் பிடிச்சிட்டன் போல."

அவன் மனைவி இமெல்டா போத்தலிலிருந்து தேத்தண்ணி ஊற்றி முதலில் அவருக்குத் தந்தாள். "இந்த மனிசனுக்கு எப்பவும் ஒரு அந்தரம் அவசரம் அண்ணை. படிச்ச ஆள் பக்கத்தில நிண்டு சொல்லிக் குடுத்தும் இப்பிடி."

அந்தத் தேத்தண்ணியை அவர் குடித்தார். குடிக்காமல் விட்டால் ஏன் என்று கேட்பாள்.

சனிக்கிழமை பகல், தொழிலுக்குப் போகாமல் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் பின்னால் போய் இருந்து, புத்தகத்தை முதல் வரியிலிருந்து தொடங்கினார். விரலை வைத்தார். உதட்டை அசைத்தார். மத்தியானம் தொடங்கியவர் ஆறாம் பக்கத்துக்கு வரக் கோயிலில் பின்னேர மணி அடித்தது. அந்தப் பக்கத்தில்தான் விரல் படம் இருந்தது.

*சங்கிலியை விரலால் சற்றுத் தூக்கி விட்டால் அது உடனே தகட்டில் படிய வேண்டும். தொங்கக் கூடாது. புதிய சங்கிலி சூடேறி நீளும். முதல் சில வெட்டுகளின் பின் மின்னிணைப்பைக் கழற்றி, சங்கிலி ஆறியதும் மீண்டும் இறுக்கவும். தளர்ந்த சங்கிலி கழன்று பாயும்.*

அவர் பிழையாகக் கூட்டிவிட்டாரோ என்று இன்னொருதரம் கூட்டினார். பிழையில்லை. 'தொங்கக் கூடாது' என்பது எவ்வளவு பெரிய சொல்? வகுப்பில் முதல் வருசமே எழுதிய எழுத்துகள்தான் எல்லாம்.

மறுநாள் பூசை முடிந்து சங்கக் கூட்டம் மண்டபத்தில் கூடியது. செயலாளர் மார்த்தா ரீச்சர் குறிப்பெழுதினார். எமில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தான், பக்கத்தில் இமெல்டா.

எட்வேட் சம்மாட்டி எழும்பினார். "நடந்தது நடந்து போச்சு. மிச்ச மரம் தறிக்கோணும். பஸ்தியான் பொறுப்பா நிக்கட்டும், வேற ஒரு ஆளைச் சேத்துவிடுவம். எமிலுக்கு இனி வாள்ப் பக்கம் வேலை வேண்டாம். கை தவறுற ஆளை வச்சு வேலை செய்யேலாது."

"வயர் பிடிக்கவெண்டாலும் வாறன் சம்மாட்டி" என்றான் எமில். "இடக்கை நல்லாத்தானே இருக்கு."

"சொல்லிக் குடுத்ததையே கேளாத ஆள் நீ. நாளைக்கு இன்னொருத்தன்ர கையையும் எடுத்துப் போடுவாய்."

யாரோ சிரித்தார்கள். எமிலும் தலையை ஆட்டிக்கொண்டான், ஓம், தன்மேல்தான் பிழை என்பது போல. இமெல்டா நிலத்தைப் பார்த்தாள்.

பஸ்தியாம்பிள்ளை எழும்பினார்.

"ரீச்சர், குறிப்பில அதை எழுதாதேங்கோ. நான் ஒண்டு வாசிக்கோணும்."

"என்னத்தை?"

"வாள்ப் புத்தகம்."

"அதுதான் அண்டைக்கே வாசிச்சீங்களே."

"இல்லை" என்றார்.

சேட்டுப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, ஆறாம் பக்கத்தை விரித்து, மேசையில் வைத்து, விரலை வைத்தார். "சங்... சங்கி... சங்கிலியை. வி... விர... விரலால்."

முன்வரிசையில் ஒருவர் பகிடி என்று நினைத்துக் களுக்கென்றார். பஸ்தியாம்பிள்ளை நிறுத்தவில்லை. "சற்... சற்றுத். தூ... தூக்கி." வேர்வை மூக்கு நுனியிலிருந்து தாளில் சொட்டியது. துடைத்துவிட்டு, விட்ட இடம் தெரியாமல், வரியின் தொடக்கத்துக்குப் போனார்.

"என்ன விளையாட்டு இது?" என்றார் எட்வேட் சம்மாட்டி. "பூசையில பாதர் மாதிரி வாசிச்சனீரெல்லோ?"

"அது பாடமாக்கினது சம்மாட்டி. எனக்கு இப்பிடித்தான் வாசிக்கத் தெரியும்."

அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. 'தொங்கக் கூடாது' வந்தபோது இமெல்டாவின் தலை நிமிர்ந்தது. 'மீண்டும் இறுக்கவும்' வந்தபோது எமில் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டான். 'கழன்று பாயும்' என்பதைக் கூட்டி முடித்துவிட்டு பஸ்தியாம்பிள்ளை விரலை எடுக்காமல் நின்றார்.

"எமில்ல பிழையில்லை" என்றார். "அவன் ரெண்டுதரம் கேட்டவன். தொங்கலாமோ எண்டு கேட்டவன். திரும்பப் பாருங்கோ எண்டும் சொன்னவன். நான் வாசிக்கேல்லை. வாசிச்சா எல்லாரும் என்ர வாயைப் பாப்பீங்கள் எண்டு வாசிக்கேல்லை. வாள் வேலையை அவனுக்கே குடுங்கோ. நான் கொப்பிழுக்கிறன், இல்லாட்டி வேலையால நிண்டுகொள்ளுறன்."

மார்த்தா ரீச்சர் எழுதியிருந்த ஒரு வரியைக் குறுக்கே வெட்டினார். எட்வேட் சம்மாட்டி கதிரையில் இருந்துவிட்டார்.

இமெல்டாதான் முதலில் எழும்பினாள். பஸ்தியாம்பிள்ளையைக் கடந்து போகும்போது அவரைப் பார்க்கவில்லை. அவர் அதை எதிர்பார்த்துத்தான் நின்றார். எமில் பின்னால் வந்து மேசையடியில் நின்று, புத்தகத்தை இடக்கையால் தன் பக்கம் திருப்பி, விளங்காத எழுத்துகளைப் பார்த்தான்.

"இது முழுக்க வாசிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் அண்ணை?"

"நாலைஞ்சு மணித்தியாலம்."

எமில் புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தான். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பஸ்தியாம்பிள்ளை தாங்கியிருப்பார்.

"காத்துக்கொண்டு இருந்திருப்பனே அண்ணை" என்றான். "அண்டைக்கு எனக்கு வேற என்ன வேலை?"

எமில் புத்தகத்தை மூடி மார்த்தா ரீச்சரின் பக்கம் தள்ளிவிட்டு, வாசலில் நின்ற இமெல்டாவிடம் போனான்.