வாய்க்கட்டு

முதலியார்பேட்டையிலிருந்து ஊமைச்சாமி மலைக்கு நாலு நாள் நடை. வேண்டுதல் உள்ளவர்கள் புறப்படும்போதே மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொள்வார்கள். கஞ்சி குடிக்க அவிழ்க்கலாம், பேசக் கூடாது. மலைமேல் சாமி அடங்கிய குகை மடத்தில், மடத்துக்காரர் அவர்கள் கையில் தண்ணீர் வார்த்ததும், யாருக்காக நடந்தார்களோ அவர் பெயரைச் சொல்லித்தான் வாய் திறக்க வேண்டும்.

பச்சையம்மாளுக்கு இது ஆறாவது வருஷம். புருஷன் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தா என்கிற சிப்பாயாகச் சைகோன் போனவன். அவன் உயிரோடு திரும்பவேண்டுமென்று நடந்தாள். கட்டினவன் பெயரை வாயால் சொல்லாதவள் அவள். ஆபீசில் குமாஸ்தா கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுச் சொல்லவைப்பாள். வருஷத்துக்கு ஒரே தடவை, அந்தக் குகையில் மட்டும் சொல்வாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அவளுக்கென்று இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

இந்த மாசியில் எல்லையில் மூட்டையை அவிழ்க்கச் சொல்ல ஆளில்லை. பிரெஞ்சுக்காரன் ஊரை விட்டுப் போய் மூன்று மாதமாகியிருந்தது. சுங்கக் கொட்டகையில் ஆடுகள் படுத்திருந்தன. மறுநாள் மதியம் கூட்டம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தது. குருசுக்குப்பத்திலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த, வாய்க்கட்டு போடாத தனக்கொடியும் வசந்தாவும் பச்சையம்மாளுக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“நம்ம தெரு பார்வதி வூட்டுக்கு சைகோன்லேர்ந்து தம்பி வந்துருக்காரே, தணிகாசலம், பாத்தியா?” என்றாள் தனக்கொடி. “கூடவே ஒரு சைகோன்காரி, ரெண்டு புள்ளைங்க. பெருசுக்கு அஞ்சு வயசு இருக்கும்.”

“எப்பக்கா வந்தாரு?”

“பொங்கலுக்கு முன்னாடியே. வெளிய தல காட்டுறதில்ல. மொத பொண்டாட்டி முதலியார்பேட்டையில இருக்காளாம். அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?”

பச்சையம்மாளின் கையில் கஞ்சிக் கிண்ணம் அப்படியே நின்றது. பார்வதி அவள் நாத்தனார். போன வாரம் பெரிய மார்க்கெட்டில் பச்சையம்மாள் விற்கும் கீரையை வாங்கியவள். இந்த வருஷமும் மலைக்குத்தானே என்று விசாரித்து, என் தம்பிக்கும் சேர்த்து ஏற்று என்று கற்பூரம் கொடுத்தவள்.

வசந்தா முன்னால் குனிந்து அவள் தோளைத் தொட்டாள். “அக்கா, நீங்க முதலியார்பேட்டதானே? அந்தப் பொம்பளையத் தெரியுமா ஒங்களுக்கு?”

பச்சையம்மாள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“வாய்க்கட்டு போட்டவங்களப் போய்க் கேக்குறியே, நல்லா கேட்ட போ” என்று தனக்கொடி சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கால்கள் கூட்டத்தோடு போயின. நாலாம் நாள் குகையில் மடத்துக்காரர் அவள் கையில் தண்ணீர் வார்த்தார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். பெயர் நாக்கு வரைக்கும் வந்தது. மூத்த குழந்தைக்கு ஐந்து வயது. இதே இடத்தில் முதல் தடவை அந்தப் பெயரைச் சொல்லி அவள் வெட்கப்பட்ட வருஷத்துப் பிள்ளை.

விரல்களுக்கிடையில் தண்ணீர் ஒழுகிப் போயிற்று. துணியை எடுத்து வாயை மறுபடி கட்டிக்கொண்டாள்.

“பேர் சொல்லாம எறங்குனா கட்டு தீராதும்மா” என்றார் மடத்துக்காரர்.

தெரியும் என்று தலையசைத்துவிட்டு இறங்கினாள்.

திரும்பி வந்த நாலு நாளும் பேசவில்லை. என்ன குறை என்று கேட்டுப் பார்த்தவர்கள் அலுத்து விட்டுவிட்டார்கள். முதலியார்பேட்டையில் கூட்டம் கலைந்தபோது அவள் வீட்டுப்பக்கம் திரும்பாமல், குருசுக்குப்பத்துப் பெண்கள் இருவருக்கும் பின்னாலேயே நடந்தாள். மார்க்கெட்டைத் தாண்டினாள். ஊரின் வடக்குக் கோடியில் பார்வதி வீட்டு முன்னால், நடுத்தெருவில் நின்றாள்.

வாசலில் பொரி தின்றுகொண்டிருந்த குழந்தை மஞ்சள் துணியைப் பார்த்து உள்ளே ஓடிற்று. பச்சையம்மாள் முடிச்சை அவிழ்த்தாள்.

“தணிகாசலம்.”

எட்டு நாள் பூட்டியிருந்த தொண்டை. குரல் கரகரத்தது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அப்போதுதான் புரிந்த வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் பெயரை ஒருத்தி தெருவில் நின்று கூப்பிட்டு அங்கே யாரும் கேட்டதில்லை.

“டேய் தணிகாசலம். வெளிய வா.”

வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. யாரும் வரவில்லை. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அந்தப் பெயர் அவளுக்குப் பழகிப் போயிருந்தது.