முப்பது டிகிரியில் ஓர் ஆணி

சனிக்கிழமை காலை. டிரோன்ஹைம் நகரின் தசைச் சோதனைக் கூடத்தில், கால் வலிமையை அளக்கும் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மாரிட்டின் கை சட்டென்று நின்றது.

தடுப்பு ஆணி! இன்னும் துளையிலேயே இருந்தது.

முட்டிச் சவ்வு அறுந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஹேண்ட்பால் வீராங்கனை இங்குன்னுக்காகக் குளிர்காலத்தில் மாரிட்டே செருகியது. கால் முழுதாக நீண்டு புதுச் சவ்வு கிழிந்துவிடாதபடி, கடைசி முப்பது டிகிரிக்கு முன்பே காலை நிறுத்திவிடும். இறுதிச் சோதனைக்கு முன் உருவியிருக்க வேண்டும். உருவவில்லை.

வியாழனன்று நடந்த அந்தச் சோதனையில், திரையில் இரண்டு கால்களின் வலிமைக் கோடுகளும் ஒன்றாகப் படிய, "ஆடலாம்" என்று கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

மடங்கிய முட்டியில் பின்தொடைத் தசை கீழ்க்கால் எலும்பைக் குறுக்கே பிடித்துப் பின்னால் இழுக்கும். கால் நீள நீள அந்த இழுப்பு சரிந்து எலும்போடு ஒட்டிப் படுத்துவிடும், எலும்பைப் பின்னால் பிடித்துவைக்க முடியாது. முன்தொடைத் தசையோ அந்தக் கடைசி முப்பது டிகிரியில்தான் எலும்பை முன்னால் இழுத்துச் சவ்வைக் கிழிக்கப் பார்க்கும். போதாததற்கு, புதுச் சவ்வையே இங்குன்னின் பின்தொடைத் தசைநாணிலிருந்துதான் வெட்டி எடுத்திருந்தார்கள்.

ஆணியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

அன்றைய ஆட்டம் நடக்கும் அரங்கின் வாசலில் வாஃபிள் பலகார வாசனை. பயிற்சியாளர் தூர்கைர் வழிமறித்தார்.

"என்ன மாரிட், பேயறைஞ்ச மாதிரி?"

"இங்குன்ன ஆட்டத்துல இறக்காதீங்க. கால் நீட்டுன நிலையில நாம அளக்கவே இல்ல."

"ஃபைனல்மா இது! இப்பச் சொன்னா பயந்து, காலை விறைப்பா வச்சுத்தான் குதிப்பா. நீயே அவ முட்டிய உடைச்ச மாதிரி ஆயிடும்."

"அத எதுக்குத் தூக்கிட்டு வந்த?"

பின்னால் இங்குன். பார்வை ஆணிமேல்.

"சோதனையப்போ இது உள்ள இருந்தது உனக்குத் தெரியுமா?" என்றாள் மாரிட்.

"பார்த்தேன். படியிறங்கும்போது முட்டி வழுக்குது மாரிட். ஆணி இல்லன்னா சோதனையில நான் ஃபெயில்."

"அடிப்பாவி!" என்றார் தூர்கைர்.

"என் கையெழுத்த வாபஸ் வாங்குறேன்," என்றாள் மாரிட்.

"ஆட்டம் முடிஞ்சு வாங்கிக்கோ. இத்தன மாசம் பெஞ்சுல உக்காந்து எல்லாருக்கும் தண்ணி ஊத்திக் கொடுத்தாச்சு. இன்னிக்கும் உக்கார முடியாது," என்றாள் இங்குன்.

மாரிட் தூர்கைரைப் பார்த்தாள். தூர்கைர் தரையைப் பார்த்தார்.

"முட்டிய மடக்கிக் குதி," என்றார் மெல்ல. மாரிட் ஆணியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இங்குன் மடக்கித்தான் குதித்தாள், கடைசி நிமிடம் வரை. பிறகு காற்றில் எழும்பிப் பந்தைக் கோலை நோக்கி எறிந்தவளின் தோளில் ஒரு தடுப்பாட்டக்காரியின் முழங்கை உரசியது. மடக்க நேரமில்லை. கால் குச்சியாய் நீண்டு தரையைத் தொட்டது.

ரசிகர்களின் முரசுச் சத்தத்தையும் மீறிச் சவ்வு அறுந்த சத்தம் கேட்டது.

ஸ்ட்ரெச்சரில் இங்குன் பல்லைக் கடித்தபடி கேட்டாள்: "பந்து உள்ள போச்சா?"

"போச்சு," என்றார் தூர்கைர்.

பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தது. மாரிட்டும் ஆமென்று தலையாட்டினாள்.