பத்து மணிக் கட்டம்

காலை எட்டு மணிக்குச் சின்னம்மாள் ஒரே மூச்சில் இருபத்துநான்கு வரைக்கும் எண்ணினாள்.

"லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

"ஒண்ணுன்னு ஆரம்பிம்மா," என்றார் டாக்டர் கார்த்திகேசன்.

"நெல்லு அளக்குறப்ப மொதல் மரக்காலுக்கு லாபம்னுதான் சார் சொல்லுவோம். வாய்ல அதான் வருது."

"சரி, லாபமாவே இருக்கட்டும்."

பதினாலாம் படுக்கை. கீரப்பாளையம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் அவளைக் கொண்டுவந்திருந்தான் புருஷன் அய்யனார். தரையில் படுத்திருந்தவளின் முழங்கையில் கட்டுவிரியன் கடித்திருந்தது. எறும்பு கடித்த மாதிரி இரண்டு புள்ளி, அவ்வளவுதான். வீக்கம் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. விஷமுறிவு மருந்து பாட்டிலில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் நர்சிங் மாணவி அருள்மொழியிடம் திரும்பினார். "இந்த விஷம் மூச்சு விடுற தசையைக் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டும். வெளியில ஒண்ணும் தெரியாது. மணிக்கு ஒரு தடவ இப்படி எண்ண வெச்சு சார்ட்ல எழுது. பதினஞ்சுக்குக் கீழ வந்தா ஓடி வந்து என்னைக் கூப்பிடு."

"சரிங்க சார்."

அருள்மொழி கடலூரில் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்தாள். கல்லூரி பஸ் விடியற்காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, வார்டு பயிற்சிக்காக அவர்களைச் சிதம்பரத்தில் இந்த ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து விடும். அப்பா முதுநகரில் மூட்டை தூக்குகிறவர். அம்மா இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள், விரல் நுனியெல்லாம் வெந்து கிடக்கும். மகள் இன்னும் ரெண்டு வருஷத்தில் ஸ்டாஃப் நர்ஸ் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தார்கள்.

போன மாதம் அவளுடைய சார்ட்டில் இரண்டு கட்டம் காலியாக இருந்தது. கல்லூரியிலிருந்து அவர்களைப் பார்த்துக்கொள்ள வரும் லோகநாயகி மேடம் அவளை வராண்டாவில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் போஸ்டிங் ரிப்பீட் என்றார். ரிப்பீட் என்றால் வார்டு பயிற்சி மறுபடி முதலிலிருந்து, இந்த வருஷம் பரீட்சை எழுத முடியாது.

மேடம் சரியாகப் பத்தரைக்கு வருவார். ஒவ்வொரு சார்ட்டிலும் கடைசி வரிக்குக் கீழே பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். பிறகு பன்னிரண்டு வரை வகுப்பு. பத்து மணிக்கு வார்டு வேலையாக எங்காவது அனுப்பிவிடுவார்கள், பதினோரு மணிக்கு நோயாளி பக்கத்தில் ஒரு நர்சிங் பிள்ளையும் இருக்காது. அதனால் பத்தும் பதினொன்றும் ஒன்பதரைக்கே எழுதியாகிவிடும். சீனியர்கள் வந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த வேலை இது. காலிக் கட்டத்துக்குத்தான் திட்டு விழும். எழுதியிருப்பது நிஜமா என்று யாரும் கேட்டதில்லை.

"நம்ம வார்டு சார்ட்ல செத்தவனுக்கும் நிமிஷத்துக்கு மூச்சு இருபதுதான்டி," என்பாள் கூடப் படிக்கும் பிரிசில்லா.

ஒன்பது மணிக்குச் சின்னம்மாள் இருபத்துமூன்று எண்ணினாள். ஒன்பதரைக்கு அருள்மொழி பேனாவைத் திறந்தாள். பத்து மணிக் கட்டத்தில் இருபத்துமூன்று. பதினொன்றில் இருபத்திரண்டு. ஒன்று குறைத்துப் போட்டால் நிஜம் மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். பத்து மணிக்கு எப்படியும் வந்து ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றும் நினைத்தாள்.

பத்து ஆகப் பத்து நிமிஷம் இருக்கும்போது வார்டு சிஸ்டர் புஷ்பவள்ளி கூப்பிட்டார். "ஏய் பொண்ணு, கீழ போயி கட்டுத்துணி அவிச்சு வெச்ச டிரம் ரெண்ட வாங்கியா."

கீழே வரிசை. முன்னால் நாலு வார்டு ஆட்கள். சுவரில் கடிகாரம் பத்து காட்டியது, பத்தே கால் காட்டியது. டிரம்மை விட்டுவிட்டு ஓடினால் சிஸ்டர் மேடத்திடம் சொல்லுவார். நின்றாள். இருபத்துமூன்று எண்ணினவள் ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

வார்டுக்குள் நுழைந்தபோது பத்து நாற்பது. மேடம் கையெழுத்து எல்லாம் போட்டு முடித்து, பிள்ளைகளை நடுவார்டில் வட்டமாக நிறுத்தியிருந்தார். டாக்டர் மேஜையில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஐ.சி.யூ.ல ஒரு மூச்சு மெஷின்தான் காலியா? பதினாலாம் பெட்டுக்கு வேணாம் சார், பத்து மணிக்கும் இருபத்திமூணு எண்ணியிருக்காங்க. கேஷுவாலிட்டி கேஸ் வந்துச்சுன்னா அதுக்கே குடுத்துடுங்க."

டிரம்கள் டங்கென்று தரையில் உட்கார்ந்தன. அருள்மொழி பதினாலுக்குப் போனாள்.

"தூக்கம் வருதுங்குறா, பாப்பா," என்றான் அய்யனார். "ராத்திரி பூரா தூங்கல இல்ல, அதான். தூங்கட்டும்னு விட்டுட்டேன்."

சின்னம்மாளின் கண் இமை பாதி இறங்கியிருந்தது. அது தூக்கம் இல்லை.

"அக்கா, எண்ணுக்கா. மூச்ச இழுத்துக்கிட்டு எண்ணு."

"லாபம்... ரெண்டு..." குரல் மூக்கில் இருந்து வந்தது. ஒன்பதில் நின்றது. இன்னொரு தடவை எண்ணச் சொன்னாள். ஏழில் நின்றது.

சார்ட்டை எடுத்தாள். பதினொன்றுக்கு நேராக இருபத்திரண்டு, அதன் கீழே பச்சைக் கையெழுத்து. பதினொன்று ஆகவே இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

மேஜைக்கு ஓடினாள். "சார், பதினாலாம் பெட்டு ஒம்போதுதான் எண்ணுறாங்க. ரெண்டாவது தடவ ஏழு."

"நாப்பது நிமிஷத்துல இருபத்திமூணுல இருந்து ஏழா? தூக்கக் கலக்கத்துல இருப்பாங்க. நல்லா எழுப்பி உக்கார வெச்சு, மறுபடி பாத்துட்டு வா."

திரும்பிப் போய், எழுப்பி, உட்கார வைத்து, எண்ண வைத்து, மறுபடி வர அஞ்சு நிமிஷம் ஆகும். அதற்குள் மெஷின் போய்விடலாம். நடுவார்டில் மேடம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பத்து மணிக்கு நான் பாக்கல சார்."

"பின்ன அந்த இருபத்திமூணு?"

"ஒம்போதரைக்கே எழுதிட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. ஒரு தரம் அவளைப் பார்த்தார், போனை எடுத்தார். "சார், அந்த மெஷினக் குடுத்துடாதீங்க. கொண்டு வரேன்."

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். வார்டிலேயே மூச்சுக் குழாயைத் தொண்டைக்குள் விட்டார்கள். ஸ்ட்ரெச்சரை இரண்டு பேர் தள்ள, மூச்சுப் பையை அருள்மொழி கையில் கொடுத்தார் டாக்டர். "அஞ்சு எண்ணி ஒரு அழுத்து. வேகமா அழுத்தாத." அவள் வாய் லாபம் என்றுதான் ஆரம்பித்தது. வராண்டா முழுக்க அழுத்திக்கொண்டே போனாள். சின்னம்மாளின் மார்பு அவள் கைக்கு ஏறி, அவள் கைக்கு இறங்கியது.

ஐ.சி.யூ. கதவு மூடியபோது பதினொன்று ஆகவில்லை. கேஷுவாலிட்டிக்கு வந்த பூச்சிமருந்து குடித்த கேஸை, மெஷின் இல்லையென்று பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள் என்று ஆயா சொல்லிக்கொண்டு போனாள்.

அய்யனார் சுவரோரம் குந்தியிருந்தான். "நல்ல வேள பாப்பா, நீ வந்து பாத்த. நான் தூங்குறாளேன்னு விசிறிகிட்டு இருந்தேன்."

"பத்து மணிக்கே பாத்துருக்கணும்ண்ணே. பாக்கல."

அவனுக்குப் புரியவில்லை. "உனக்கு எத்தினி வேல இருக்கும்," என்றான். "பொழச்சுக்குவாளா?"

"மெஷின்ல இருந்தா மூணு நாலு நாள்ல தானா மூச்சு திரும்பும்னு சார் சொன்னாரு."

செருப்புச் சத்தம் கேட்டது. லோகநாயகி மேடம் வந்தார். கையில் இரண்டு தாள், ஒன்று பழைய சார்ட், ஒன்று புதுசு. அவளை ஜன்னல் பக்கம் அழைத்துக்கொண்டு போனார். குரலை உயர்த்தவில்லை.

"இத அழகா மறுபடி எழுது. பத்துக்குப் பதினெட்டு. பதினொண்ணுக்கு ஒம்போது. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். பழச நான் வாங்கிக்குறேன்."

"சார்கிட்ட சொல்லிட்டேன் மேடம்."

"அவரு காதுல கேட்டதோட சரி. தாள்ல என்னா இருக்கோ அதான் நிக்கும். என் கையெழுத்து பதினொண்ணுக்குக் கீழ இருக்கு, தெரியுதா? இது வெளிய போனா உனக்கு ரிப்பீட்டு. எனக்கும் கேள்வி. உங்க அப்பா மூட்ட தூக்குறாருல்ல? யோசிச்சு எழுது."

அருள்மொழி யோசித்தாள். அப்பாவின் தோள்பட்டைக் காய்ப்பு ஞாபகம் வந்தது. வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஐ.சி.யூ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் உஸ்ஸென்று ஊதுவது கேட்டது.

புதுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையதை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பத்து மணிக் கட்டத்தில் இருபத்துமூன்றின் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதிப் பெயரைப் போட்டாள். பதினொன்றிலும் கோடு இழுத்து, 'ஐ.சி.யூ., மெஷின்' என்று எழுதினாள். பச்சைக் கையெழுத்தை அவள் தொடவில்லை.

"அப்ப ரிப்பீட்டுதான்," என்றார் மேடம்.

"சரிங்க மேடம்."

மேடம் புதுத் தாளை மடித்துக்கொண்டு போனார். அருள்மொழி சார்ட்டோடு ஐ.சி.யூ. வாசலுக்கு வந்து, காலியாக இருந்த பன்னிரண்டு மணிக் கட்டத்தைப் பார்த்தாள். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு அய்யனார் பக்கத்தில் நின்றாள். மணி பதினொன்றேகால்தான் ஆகியிருந்தது.