பின்பக்கக் கதவு மசோதா

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது.

என் நாவல் நகராமல் முரண்டு பிடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். வேலை செய்வதாகப் பாவனை பண்ணிக்கொண்டு கணினியில் எதையெதையோ மேய்ந்துகொண்டிருந்தேன். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரைப் பற்றிய பக்கம் கண்ணில் பட்டது. கொண்டுவந்த மசோதாக்கள், போட்ட ஓட்டுகள், விட்ட அறிக்கைகள் என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். வறட்டுச் சமாச்சாரம், மூடிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனபோதுதான் அவருடைய கடைசி மசோதாவில் இந்த வாக்கியத்தைப் படித்தேன்:

"படுக்கை வசதியுள்ள ஒவ்வொரு பேருந்தின் பின்புறத்திலும், சாவியின்றி உள்ளிருந்து திறக்கக்கூடிய கதவொன்று இருத்தல் வேண்டும்."

இதில் ஒரு சொல்லை எடுங்கள் பார்க்கலாம். "சாவியின்றி"யை எடுத்தால் முதலாளி பூட்டுப் போட்டுவிடுவார். "உள்ளிருந்து" இல்லையென்றால் வெளியே இருக்கிறவர் யாராவது ஓடிவந்து திறக்கிறவரை உள்ளே இருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். வாக்கியம் எழுதியே வயிறு வளர்க்கிறவள் நான். என் வாக்கியங்களில் எந்தச் சொல்லை உருவினாலும் யாருக்கும் ஒரு கீறல் விழாது. எனக்கு எரிந்தது.

2

முதல் தொடக்கம்: "அவர் அவைக்குள் நுழைந்தபோது மொத்தச் சபையும் எழுந்து…"

எழவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டிருப்பார். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "தீக்காயப் பிரிவின் நர்ஸாக அவர் கண்ட துயரங்கள் அவருடைய கருணை உள்ளத்தில்…"

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது கதையா, தேர்தல் நோட்டீஸா?" என்று கேட்டார். அவர் ஆடிட்டர். குத்துகிற இடம் தெரிந்து குத்துவார்.

சரி, ஜோடனை வேண்டாம். நர்ஸாக இருந்தது நிஜம். அதனால் எம்.பி. ஆன பிறகும் எல்லாருக்கும் அவர் சிஸ்டர்தான். சபாநாயகரே ஒருமுறை, "சிஸ்டர், உட்காருங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாராம். (இந்த "ஆம்" என்னுடையது. விசாரிக்கவில்லை.) அவருடைய மசோதாக்களைப் பாருங்கள். ஆஸ்பத்திரி லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நீட்டமாக நுழைய வேண்டும் என்று ஒன்று. பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண் கழுவும் குழாய் வேண்டும் என்று ஒன்று. தேசத்தின் பெருமை, வரலாற்றின் அறைகூவல் என்ற பேச்சே கிடையாது.

போன கூட்டத்தொடரில் எதிர்க்கட்சி கொண்டுவந்த திருத்தம் ஒன்றுக்கு ஆதரவாகப் பொத்தானை அழுத்திவிட்டார். ஆளுங்கட்சிக்காரர் இவர். கட்சி கொதித்தது. வெளியே வந்தவரை நிருபர்கள் மொய்த்துக்கொண்டபோது அவர் விட்ட அறிக்கை மொத்தமே இவ்வளவுதான்: "திருத்தம் சரியா இருந்துச்சு. யார் கொண்டுவந்ததுன்னு பாக்க மறந்துட்டேன்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். இந்தத் தப்பை அந்தக் கட்டடத்தில் வேறு யாரும் செய்ய முடியாது. மற்றவர்கள் யார் கொண்டுவந்தது என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

கதவு மசோதாவை முன்வைத்தபோது அவர் பேசியதை அப்படியே தருகிறேன்: "எங்க வார்டுல ஒருத்தர் இருந்தார். பஸ் எரிஞ்சப்ப முன் பெர்த்துல இருந்து குதிச்சுத் தப்பிச்சவர். அவர் சம்சாரத்துக்குக் கடைசி பெர்த். ஒவ்வொரு தடவை கட்டுப் பிரிக்கிறப்பவும், 'பின்னாடி ஒரு கதவு இருந்திருந்தா'ன்னு ஆரம்பிப்பார். அந்த வாக்கியத்தை அவர் முடிச்சதே இல்ல. நான் முடிச்சு எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

3

இங்கேதான் எனக்குத் தொழில் சிக்கல். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு கதை எப்படி எழுதுவது? எங்காவது இடற வேண்டாமா? ஆகவே அவருக்கு ஒரு தம்பியைப் பிறப்பித்தேன். அந்தப் பக்கத்தில் தம்பி யாரும் இல்லை. முழுக்க முழுக்க என் கைங்கரியம்.

தம்பி பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிறவன். வெறும் சட்டமும் எஞ்சினுமாக வருகிற வண்டிக்குத் தகடு அடித்து, பலகை போட்டு, பெர்த் வைத்துக் கொடுப்பான். அவன் ஷெட்டில் பாதி வண்டிகள் படுக்கை வண்டிகள். சட்டம் வந்தால், கட்டி முடித்து வண்ணம் காயக் காத்திருக்கும் வண்டிகளின் முதுகை அறுத்துக் கதவு வைக்க வேண்டும். பெர்த் குறையும். முதலாளிகள் அந்த நஷ்டத்தை நேராகத் தம்பி தலையில் கட்டுவார்கள். இப்போது அக்கா என்ன செய்வார்? (வில்லத்தனமாகக் கையைத் தேய்த்துக்கொண்டேன்.)

சிஸ்டர் ஷெட்டுக்கு வந்தார். வெல்டிங் நின்றது. பெர்த்துக்கு வெட்டி அடுக்கியிருந்த ஃபோம் கட்டின் மேல் உட்கார்ந்தார். தம்பி பொருமித் தீர்த்தான். ஊர் உலகத்தில் சட்டம் போட வேறு விஷயமே கிடைக்கவில்லையா, சொந்தத் தம்பி வயிற்றில்தான் அடிக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டான். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நீ படுக்கை வண்டியில போனா எந்த பெர்த் போடுவ?"

தம்பி தகட்டுத் துண்டு ஒன்றைக் காலால் தள்ளினான். "முன்னாடி. டிரைவருக்குப் பின்னால."

"உன் பொண்டாட்டி பிள்ளைங்களுக்கு?"

"எல்லாருக்கும் முன்னாடிதான்."

"அப்ப கடைசி பெர்த்தை யாருக்குடா கட்டற?"

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அக்காவை இடறவைக்கக் கொண்டுவந்த தம்பி இப்படிப் பொசுக்கென்று விழுவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஷெட்டில் நின்றுகொண்டிருந்த வெல்டர்களையும் தச்சர்களையும் காட்டி, "இவங்களுக்கு நான் என்னக்கா பதில் சொல்றது?" என்று கேட்டான்.

எனக்கு ஒரு பதில் தோன்றியிருந்தால் சிஸ்டர் வாயில் போட்டிருப்பேன். தோன்றவில்லை.

4

இனி அந்த அவையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உறுப்பினர் ஒருவர் சொந்தமாக மசோதா கொண்டுவந்தால் அது ஜெயிக்காது. எல்லாரும் பேசுவார்கள். அமைச்சர் எழுந்து ஆஹா ஓஹோ என்று பாராட்டுவார், அரசு பரிசீலிக்கும் என்பார், மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுமாறு அன்போடு கேட்டுக்கொள்வார். உறுப்பினர் நன்றி சொல்லித் திரும்பப் பெற்றுக்கொள்வார். யார் மனமும் புண்படாமல் கதவு சாத்தப்படும்.

கொறடா சிஸ்டரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். (கொறடா: கட்சி உறுப்பினர்கள் எதற்கு எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று மேய்க்கிறவர்.) நல்லபடியாகத் திரும்பப் பெற்றால் அமைச்சர் ஒரு குழு அமைப்பார். ஓட்டெடுப்பு வரை போனால் எதிர்த்துப் போடச் சொல்லி மொத்தக் கட்சிக்கும் கட்டளை போகும், மசோதா அத்தோடு செத்தது, அடுத்த தேர்தலில் சிஸ்டருக்குத் தொகுதியும் கிடையாது என்றார்.

திரும்பப் பெறுவதாக சிஸ்டர் வாக்குக் கொடுத்தார்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. வீட்டுக்காரர், "இதுல என்ன தப்பு? குழுவாவது கிடைக்குதுல்ல?" என்றார். குழுக்களின் கதி தெரியாத அப்பாவி.

முடிவு அ: கடைசி நிமிடத்தில் சிஸ்டர் சிங்கம் போலச் சீறி, "முடியாது!" என்று… இது எழுத எனக்கு இனித்தது. ஆனால் கொடுத்த வாக்கை மீறுகிறவர் சிஸ்டர் இல்லை. கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: நன்றி சொல்லித் திரும்பப் பெற்று, வீட்டுக்குப் போய், விளக்கைக்கூடப் போடாமல்… இதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

5

கதவு மசோதா விவாதத்துக்கு வந்த அன்றைக்கு அமைச்சர் வழக்கம்போலப் பாராட்டினார். வழக்கம்போலக் கேட்டுக்கொண்டார். கொறடா சாய்ந்து உட்கார்ந்தார். சிஸ்டர் எழுந்தார்.

விதி ஒன்று உண்டு. அவைக்கு வந்துவிட்ட மசோதாவைக் கொண்டுவந்தவரே திரும்பப் பெறுவதென்றாலும் அவையின் அனுமதி வேண்டும். ஒரே ஒரு உறுப்பினர் "ஆட்சேபம்" என்றாலும் போதும், திரும்பப் பெற முடியாது. ஓட்டெடுப்பு நடந்தே ஆக வேண்டும். யார் கதவு வேண்டும் என்றார், யார் வேண்டாம் என்றார் என்பது பெயரோடு பலகையில் தெரியும். அந்த ஒரு சொல்லை யாரும் சொன்னதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"என் மசோதாவைத் திரும்பப் பெற அவையோட அனுமதியைக் கேக்கறேன்" என்றார் சிஸ்டர். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியாயிற்று. அப்புறம், சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் பேசுகிற அதே குரலில், "யாராவது ஆட்சேபிச்சா நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

கொறடா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வாசகரே, இந்த வரியை நான்தான் எழுதினேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம், எனக்கே நம்பிக்கையில்லை. எப்பேர்ப்பட்ட மனுஷி! ஆட்சேபம் சொல்ல ஒருவரை எழுப்பிப் பார்த்தேன். எதிர்க்கட்சிக்காரர் எழுந்தால் அரசியல் என்பார்கள். ஆளுங்கட்சிக்காரர் எழுந்தால் நான் வலிந்து எழுப்பினது தெரிந்துவிடும். அந்த அவையில் எனக்கு இடமில்லை. உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். மைக் வேலை செய்கிறது, பார்த்துவிட்டேன்.

நீங்கள் வாயைத் திறந்தால் ஓட்டெடுப்பு. அநேகமாகத் தோற்கும். குழுவும் போகும், சிஸ்டரின் தொகுதியும் போகும். திறக்காவிட்டால் குழு உண்டு, தம்பியின் ஷெட்டில் நாளைக்கும் வெல்டிங் நடக்கும், கடைசி பெர்த்தில் இன்றைக்கும் யாரோ படுப்பார்கள். எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"உறுப்பினர் திரும்பப் பெற அவை அனுமதிக்கிறதா?" என்று சபாநாயகர் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. சிஸ்டர் இன்னும் உட்காரவில்லை.

சபாநாயகர் இரண்டாம் முறை கேட்கிறார். மூன்றாம் முறை கேட்கும் வழக்கம் அங்கே இல்லை.